சாமி இல்லாத மலையில் சும்மா சார்

தமிழன் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, மேலே சாமி கிடையாது என்று நன்றாகத் தெரிந்தும் ஒரு மலையில் ஏறியவர் ஒரே ஒருத்தர்தான். அவர் கல்கத்தாவில், கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில், எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

நம்மவர்கள் மலை ஏறாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. பழனி ஏறுவார்கள், திருப்பதி ஏறுவார்கள், சபரிமலைக்கு விரதம் இருந்து ஏறுவார்கள். மேலே ஒரு சாமியும் சாமிக்குப் பக்கத்தில் ஒரு பிரசாத ஸ்டாலும் இருந்தால் நொண்டிக்கொண்டாவது ஏறிவிடுவார்கள். ஆனால் மேலே போய் நின்று, நாலு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கி வருவதற்காக ஒருத்தர் மலை ஏறுகிறார் என்றால், ஒன்று அவருக்கு வீட்டில் சண்டை, இல்லையென்றால் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றுதான் முடிவு கட்டுவோம். இவருக்கு இரண்டும் கிடையாது. மனைவி பரம சாது. சர்க்கரை, கொழுப்பு எல்லாம் அவரைக் கண்டாலே ஒதுங்கிப் போகும்.

'சும்மா சார்' என்ற பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரிய அதிகாரி ஒரு வங்காளி. அவரிடம் இவர் லீவு கேட்டுப் போய் நின்றார்.

"எதுக்கு லீவு?"

"ஒரு பழைய மலைக்கோட்டை இருக்கு சார். ஏறப் போறேன்."

"கோயிலா?"

"இல்லை சார்."

"பிக்னிக்கா?"

"அதுவும் இல்லை."

"பின்னே எதுக்கு?"

நம்மவர் இந்தியில் யோசித்தார், வங்காள மொழியில் யோசித்தார். இரண்டிலும் சரியான பதில் அகப்படவில்லை போலிருக்கிறது. "சும்மா" என்றார்.

அதிகாரி அது ஏதோ தமிழ்ப் பண்டிகை என்று நினைத்துக்கொண்டு லீவு கொடுத்துவிட்டார். அதோடு விட்டாரா? அடுத்த குளிர்காலம் வந்ததும் அவரே கூப்பிட்டு, "இந்த வருஷம் உங்க சும்மா எப்போ வருது?" என்று கேட்டார். அன்றிலிருந்து வங்காளிகளுக்கு அவர் ஷும்மா-தா, அதாவது சும்மா அண்ணன். எங்களுக்குச் சும்மா சார். பணி ஓய்வு விழாவில் மாலையைப் போட்டு அவருடைய சொந்தப் பெயரைப் படித்தபோது, அது யார் என்று நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

அவருக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். அங்கே ஊர் நடுவில் ஒரு மலைக்கோட்டை உண்டு. அதன் உச்சியில் கோயில் உண்டு, கோயிலுக்குள் சாமி மட்டும் கிடையாது. அம்மன் எந்தக் காலத்திலேயோ கீழே இறங்கி ஊருக்குள் வந்துவிட்டாள். "அவளுக்கே இறங்கணும்னு தோணிருச்சு, நமக்குத்தான் ஏறணும்னு தோணுது" என்பார் சார். சின்ன வயசிலிருந்து அந்த மொட்டைப் பாறையில் ஏறி ஏறி, மலை என்றால் மேலே போய்ப் பார்ப்பதற்குத்தான் என்ற எண்ணம் அவருக்குள் ஆழமாகப் பதிந்துவிட்டது.

அப்படிப்பட்டவரைத் தூக்கிக் கல்கத்தாவில் போட்டால் என்ன ஆகும்? எங்கள் ஊர் தோசைக்கல் மாதிரி. மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தண்ணீர் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து யோசிக்கும். வேலைக் காலம் முழுவதையும் அவர் இந்த ஊரில்தான் கழித்தார். குவார்ட்டர்ஸில் எல்லோரும் கீழ்த்தளம் கேட்டு அடித்துக்கொள்ளும்போது, இவர் ஒழுகுகிற மேல்தளத்தைக் கெஞ்சி வாங்கிக்கொண்டார். யார் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றிய கையோடு, "மொட்டை மாடிக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்பதுதான் முதல் கேள்வி.

ஒருமுறை ஜாதவ்பூரில் ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனோம். பெரியவர் தவறிப்போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறோம், பார்த்தால் சாரைக் காணோம். சற்று நேரம் கழித்து மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தார். நேராகப் பெரியவருடைய மகனிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "யுனிவர்சிட்டி மரமெல்லாம் தெரியுது தம்பி. அந்தப் பக்கம் குளம் தெரியுது. அப்பா குடுத்து வச்சவரு" என்றார். அந்த அப்பா வீடு கட்டியதிலிருந்து மொட்டை மாடிக்கு ஏறியதே இல்லையாம். மகன் அதை நினைத்துத்தான் அன்று முதல்முதலாக வாய்விட்டு அழுதான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

மலைப் பயணத்துக்கு எங்களைத் தயார்ப்படுத்துகிறேன் என்று அவர் நடத்திய பயிற்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். ஹவுரா தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் உயரமான ஓவர்பிரிட்ஜ் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏறி இறங்க வேண்டும். வெறும் கையோடு இல்லை, முதுகுப்பையில் ஆளுக்கு இரண்டு செங்கல். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நாங்கள் யாரும் போகவில்லை. சார் மட்டும் தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார்.

"எந்த ரயிலுக்குப் போறே?"

"எந்த ரயிலுக்கும் இல்லை."

"பையிலே என்ன?"

"செங்கல்."

"எங்கே கொண்டு போறே?"

"அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் எதுக்கு?"

"திரும்பி இந்தப் பக்கம் வர்றதுக்கு."

சாயங்காலம் வரைக்கும் ஒரு அறையில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். செய்தி தெரிந்து நான் ஓடிப் போய், அவர் எங்கள் தலைமை ஆபீஸ்காரர்தான், கொஞ்சம் அப்படித்தான் என்று எடுத்துச் சொல்லி மீட்டுக்கொண்டு வந்தேன். வரும் வழியில் அவருக்கு இருந்த ஒரே வருத்தம், "அந்த ரூமுக்கு ஜன்னலே இல்லை தம்பி" என்பதுதான்.

சரி, மலைக்கு வருகிறேன். புருலியா பக்கம் இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது போய் அங்கே ஒரு ரிசார்ட் கட்டிவிடுவீர்கள். ஏதோ ஒரு ராஜா எப்போதோ கட்டிய கோட்டை. எந்த ராஜா என்று கேட்டால் அடிவாரத்து ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். காட்டுக்குள் ஏறுகிற பாதை, முக்கால்வாசி தூரத்தில் இடிந்த வாசல், உச்சியில் பாதி விழுந்த காவல் மேடை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் எங்களைத் திரட்டிக்கொண்டு போவார். அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. ஏறும்போது யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது.

"பாதியில பாத்தா பாதிதான் தெரியும். ஆனா முழுசும் பாத்துட்டதா மனசு நெனச்சுக்கும். அப்புறம் கால் மேல போகாது" என்பார்.

கால் எப்படியும் மேலே போகவில்லை. ஒரு வருஷம் எங்கள் செக்‌ஷன் பானர்ஜி-தா வந்தார். மங்கி குல்லா, மஃப்ளர், ஃபிளாஸ்க், வாயு மாத்திரை என்று இமயமலைக்குப் போகிற ஏற்பாட்டோடு வந்தவர், அடிவாரத்திலேயே ஈச்சம் பதநீர் விற்கிற ஆளைப் பார்த்துவிட்டார். பானையோடு அங்கேயே உட்கார்ந்தவர்தான். இன்னொரு வருஷம் வந்த கூட்டம், வழியில் சீட்டாடுவதற்கு என்றே செய்து போட்ட மாதிரி ஒரு தட்டைப் பாறையைக் கண்டுபிடித்துவிட்டது. நானா? எனக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரே உத்தியோகம்தான். அந்த இடிந்த வாசலில் குரங்குகள் அதிகம். சார் வீட்டுப் புளியோதரைத் தூக்குக்கு அங்கே ஒரு ஆள் காவல் வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் எங்கெங்கோ கழன்றுகொள்ள, சார் மட்டும் தனியாக மேலே போவார். நான் குரங்குகளோடு பேச்சு வார்த்தை நடத்திக்கொண்டிருப்பேன்.

மேலேயிருந்து அவர் இறங்கி வரும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். பொண்ணு பார்த்துவிட்டு வருகிற மாப்பிள்ளை மாதிரி வருவார். "இன்னிக்கு அணைத் தண்ணி ஏகதம், சுத்த வெள்ளியா மின்னுது. நெல்லு அறுத்த வயலெல்லாம் கட்டம் கட்டமா..." என்று ஆரம்பிப்பார். எல்லோரும் புளியோதரையை மென்றபடி "ம்" என்பார்கள். "சார், வடகம் இருக்கா?" என்று யாராவது கேட்பார்கள். அவர் எடுத்துக் கொடுத்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவார்.

ஒருதரம் திரும்பி வரும் ரயிலில் என்னிடம் சொன்னார்: "தனியா பாக்கிறதுல ஒண்ணும் இல்லை தம்பி. கல்யாணப் பந்தியில ஒத்தை ஆளா உக்காந்து சாப்பிட்ட மாதிரி இருக்கு. எனக்கு ஒண்ணும் பெருசா ஆசையில்லை. இந்த ஊரை விட்டுப் போறதுக்குள்ள ஒரே ஒரு ஆளு என் கூட மேல வந்து நின்னு பாக்கணும். அம்புட்டுத்தேன்."

எனக்குச் சங்கடமாக இருந்தது. அடுத்த வருஷம் நான் கட்டாயம் வருகிறேன் என்றேன். அடுத்த வருஷம் குரங்குகள் இரண்டு குடும்பமாக வந்திருந்தன.

இப்படியே வருஷங்கள் ஓடி, சாருக்கு ஓய்வு பெறும் நாளும் வந்துவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சென்னையில் மகள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அதற்குமுன் கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைப் பயணம் வைத்தார். எங்கள் ஊர்த் தமிழர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் எழுதினார்: "வரும் ஞாயிறு மலையேற்றம். காலை ஹவுராவில் கூடவும். புளியோதரை உண்டு."

வழக்கமாக இதற்கு என்ன பதில் வரும் என்றால், கும்பிடு போடுகிற பொம்மைகள் வரும். மாட்டேன் என்பதை மரியாதையாகச் சொல்வதற்குத்தான் அந்தப் பொம்மையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் இந்தத் தடவை என்ன ஆயிற்று தெரியுமா? விளக்கு வைப்பதற்குள் ஒரு ரயில் பெட்டி நிறையும் அளவுக்குப் பேர் கொடுத்துவிட்டார்கள். குடும்பம் குடும்பமாக. லேக் மார்க்கெட் அலமேலு மாமிகூட. மாமிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு முட்டியும் போய்விட்டன. பக்கத்துத் தெருவுக்கே ரிக்‌ஷாவில் போகிறவர்.

சார் எனக்குப் போன் செய்தார். "தம்பி, ஜனங்க மாறிட்டாங்க தம்பி. எம்புட்டுப் பேரு வர்றாங்க பாத்தீங்களா? நாம சொல்லிக்கிட்டே இருந்தது வீண் போகலை."

எனக்கும் சந்தோஷம்தான், சந்தேகமும்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஹவுரா ஸ்டேஷனில் சந்தேகம் தீர்ந்தது. அலமேலு மாமி மஞ்சள் புடவையில், வெறுங்காலோடு, இடுப்பில் ஒரு குட்டிப் பித்தளைக் குடத்தை வைத்துக்கொண்டு நின்றார். குடத்தின் வாயை வாழை இலையால் கட்டியிருந்தது.

"என்ன மாமி, செருப்பு எங்கே?"

"நன்னாயிருக்கே! மலைக்கு யாராவது செருப்பு போட்டுண்டு போவாளா?"

"குடத்துல என்ன?"

"பால்டா. இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமோ?"

"ஞாயித்துக்கிழமை."

"அசடே! தைப்பூசம்டா!"

சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் மஞ்சள், பச்சை. எல்லோர் நெற்றியிலும் பட்டை பட்டையாக விபூதி. சால்ட் லேக்கிலிருந்து வந்த ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர், லேப்டாப் வந்த அட்டைப்பெட்டியில் காவடியைப் பத்திரமாகச் சுற்றி எடுத்து வந்திருந்தார். ஒருத்தர் என் காதருகே வந்து, "மேலே மொட்டை போட வசதி உண்டா, இல்லே நாமளே ஆளைக் கூட்டிண்டு போகணுமா?" என்று விசாரித்தார்.

யாரும் யாரிடமும் பொய் சொல்லவில்லை. தைப்பூசத்தன்று மலை ஏறுகிறார்கள், கூடவே புளியோதரையும் உண்டு என்றால் மேலே இருப்பது யார் என்று ஒரு தமிழனுக்குத் தனியாகச் சொல்லவா வேண்டும்? வங்காளத்தில் ஒரு முருகன் மலை இருக்கிறது, இத்தனை நாள் நமக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது.

சாருக்காவது தெரியாமல் இருக்குமா? அவர் பழனிப் பாதயாத்திரைக்காரர்களுக்கு மோர் ஊற்றிய ஊர்க்காரர். மஞ்சளைப் பார்த்ததும் புரிந்துகொண்டிருப்பார் என்றுதான் நான் பயந்தேன். அவரோ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாருங்க தம்பி, தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறவங்க. முருகனையே ஒரு நாள் தள்ளி வச்சுட்டு நம்ம கூட பாக்க வர்றாங்க!" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்குமேல் நான் என்னத்தைச் சொல்ல?

ரயிலில் பானர்ஜி-தாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சாருக்கு வழியனுப்பு என்பதால் அவரும் மங்கி குல்லாவோடு வந்திருந்தார். கேண்டீனில் எங்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்குத் தமிழ் வரும். "சொல்லாதே பாபா" என்றார். "மலை இருக்கு, பூஜைக்கு ஆள் இருக்கு, பால் இருக்கு. தாகுர், அதான் உங்க சாமி, அவர் மட்டும்தான் இல்லை. அவர் எங்கேயாவது கிடைச்சிடுவார்."

அசன்சோலில் இறங்கி, வேன் பிடித்து, அடிவாரத்துக்கு வந்தோம். ஏற ஆரம்பித்ததும், "வெற்றிவேல் முருகனுக்கு!" என்று ஒரு குரல் எழுந்தது. "அரோகரா!" என்று காடே அதிர்ந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆடுகளை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். சார் திரும்பி, "நல்ல யோசனை, களைப்பே தெரியாது!" என்று சொல்லிவிட்டுத் தானும் சேர்ந்து கத்தினார். ஒருத்தர்கூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தர்கூட உட்காரவில்லை. தட்டைப் பாறையைத் தாண்டினார்கள். பதநீர்க்காரரைப் பானர்ஜி-தாவே தாண்டினார். மாமி, இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க, ஒவ்வொரு அடிக்கும் "முருகா" போட்டு ஏறினார். சரித்திரத்தில் முதல்முறையாகச் சாரின் கூட்டம் முழுசாக அந்த இடிந்த வாசலை எட்டியது. உச்சி தலைக்குமேல் தெரிந்தது. அங்கேதான் மாமி மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்:

"ஏன் சார், மேலே அபிஷேகத்துக்குத் தண்ணி கிடைக்குமோ? ஸ்வாமி எந்தப் பக்கம் பாத்துண்டு நிக்கறார்?"

சார் சிரித்துக்கொண்டே திரும்பினார். மாமியைப் பார்த்தார். பால்குடத்தைப் பார்த்தார். அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்ட காவடியைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மெல்ல ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"தம்பி, உங்களுக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினேன்.

"ஏன் சொல்லலை?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க சார்."

பானர்ஜி-தா குனிந்து, "ஷும்மா-தா, வாயைத் திறக்காதே. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. மேலே போனப்புறம் எல்லாரும் பார்ப்பாங்க. உனக்கு அதானே வேணும்?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். சார் வாயை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் நடந்தால் போதும். இத்தனை வருஷமும் ஒரு ஆள்கூடக் கிடைக்காதவருக்கு ஒரு கூட்டமே மேலே வந்து நிற்கும். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்துவிடுங்கள் சார் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் எழுந்து உடைந்த சுவரின்மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. மேல சாமி இல்லைங்க. சிலையும் இல்லை, பூசாரியும் இல்லை. இடிஞ்ச சுவரும் காத்தும்தான் இருக்கு. அங்கன நின்னா நாலு பக்கமும் தெரியும். அதைப் பாக்கத்தான் நான் வருசா வருசம் வர்றேன். நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்கன்னு நெனச்சுட்டேன். தப்பு என்னோடதுதான். பால் கொண்டாந்தவங்க மன்னிச்சுருங்க."

கொஞ்ச நேரம் குரங்குகள் மட்டும் பேசின. பிறகு மொட்டை போட வந்தவர் கேட்டார்: "பாக்கறதுக்கா? எதைப் பாக்கறதுக்கு?"

"சுத்தி இருக்கிறதை."

"சுத்தி இருக்கறது இங்கேர்ந்தே தெரியறதே!"

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம், தெரியறது என்றார்கள். மரம் தெரியறது, வயல் தெரியறது, அதோ நம்ம வேன்கூடத் தெரியறது என்றார்கள். சார் கண்ணை மூடிக்கொண்டார்.

எஞ்சினியர் காவடியைத் தோளில் வைத்தபடி, "அப்போ இதை நான் எங்கே சார் இறக்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில் பானர்ஜி-தாதான் வழி சொன்னார். "கீழே கிராமத்திலே ஷிவ் மந்திர் இருக்கு. அப்பாகிட்டே குடு, புள்ளைக்குப் போகும்."

கூட்டத்துக்கு உயிர் வந்தது. அரோகரா சத்தம் அப்படியே திரும்பிக் கீழ்நோக்கிப் போனது. கூடவே புளியோதரைத் தூக்குகளும் போயின. பொறுப்பு பானர்ஜி-தாவுடையது. அதற்குக் குரங்குகளே பரவாயில்லை.

இடிந்த வாசலில் சாரும் நானும் நின்றோம். மூன்றாவதாக, கல்லில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டு அலமேலு மாமி.

"நீங்க போகலையா மாமி?"

"எப்படிடா போவேன்? முட்டிக்கு ஏறறது பெரிசில்லே, எறங்கறதுதான் பிராணன் போயிடும். எறங்கறத்தை எவ்வளவு ஒத்திப் போடலாமோ ஒத்திப் போடறேன்." பிறகு சாரைப் பார்த்து, "என்ன சார், நின்னுண்டே இருக்கேள்? மேலே போகலையா?" என்றார்.

போனோம். மாமி என் தோளைப் பிடித்து ஒரு அடி, சுவரைப் பிடித்து ஒரு அடி. சார் முன்னால் போய்க் கல்லையும் முள்ளையும் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். கடைசிப் பாறையில் நாங்கள் இருவரும் கை கொடுத்து மாமியை ஏற்றினோம். நிமிர்ந்தேன்.

எனக்கு வர்ணிக்கத் தெரியாது. கீழே அணைத் தண்ணீர் கண்ணுக்கு எட்டின மட்டும் கிடந்தது. அந்தப் பக்கம் மலைக்குப் பின்னால் மலை. இவ்வளவு பெரிய இடத்தின் காலடியில் நின்றுகொண்டா இத்தனை வருஷம் புளியோதரையைக் காத்தோம் என்று எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

ஆயுசு முழுக்கக் காட்டுவதற்காகக் காத்திருந்த சார் எதையும் காட்டவில்லை. பார்வையெல்லாம் மாமி முகத்தின்மேல்தான். மாமி ஒரு சுற்று திரும்பினார். இன்னொரு சுற்று திரும்பினார். காற்றில் பறந்த புடவைத் தலைப்பைப் பிடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். திடீரென்று சாரின் கையைத் தட்டினார்.

"சார், சார், அங்கே பாருங்கோ! ரயில் போறது! எவ்வளவு குட்டியூண்டு! பாலத்துமேலே போறது பாருங்கோ!"

எத்தனையோ தடவை பார்த்த ரயிலை, மாமியின் விரல் போன பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார் சார். "எங்கன மாமி?" என்று கேட்டார். அவருக்கா தெரியாது? மாமி மறுபடியும் காட்டினார். அவர் மறுபடியும் பார்த்தார்.

ரொம்ப நேரம் கழித்து மாமி வாழை இலையை அவிழ்த்து, பாலை என் ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றி நீட்டினார்.

"ஐயோ, சாமிக்குக் கொண்டாந்தது மாமி."

"சாமி இல்லேன்னு நீங்கதானே சொன்னேள்? குடியுங்கோ, திரிஞ்சுடும்."

இறங்குவதற்குள் இருட்டிவிட்டது. மாமி வழி நெடுகத் தன் முட்டியையும், முட்டியைக் கொடுத்த பகவானையும், கொஞ்சம் என்னையும் திட்டிக்கொண்டே வந்தார். கீழே கூட்டம் காத்திருந்தது. "மேலே என்ன மாமி இருந்தது?" என்று மொய்த்துக்கொண்டார்கள். எதைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுகிற மாமி, "அதெல்லாம் சொல்ல வராது. போய்ப் பாத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டார். இது போதாதா? மாமிக்கு என்னவோ கிடைத்துவிட்டது, மறைக்கிறாள் என்று அன்றைக்கே பேச்சு கிளம்பியது. போதாக்குறைக்கு அந்த மாதமே, மாமியின் பேத்திக்குத் தள்ளிக்கொண்டே போன வரன் குதிர்ந்தது.

சார் சென்னைக்குப் போய்விட்டார். அடுத்த குளிர்காலம் வந்ததும் என் போன் ஓயவில்லை. "எப்போப்பா மலைக்குப் போறோம்?"

"மேலே ஒண்ணும் இல்லைன்னு சார் அப்போவே சொல்லிட்டாரே" என்றேன் மொட்டைக்காரரிடம்.

"தெரியும். மாமி பாத்த அந்த ஒண்ணுமில்லாததை எங்களுக்கும் காட்டு" என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். எஞ்சினியர் கைக்குழந்தையோடு ஏறினார். பானர்ஜி-தா குல்லாவைக் கழற்றிவிட்டு ஏறினார். அத்தனை பேரும் உச்சியில் நின்று, நாலு பக்கமும் விரல் நீட்டி ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கொண்டு போட்ட சத்தத்தில் குரங்குகள் மலையைக் காலி செய்துவிட்டன. அங்கேயிருந்தே சாருக்குப் போன் போட்டேன்.

"எல்லாரும் மேலே நிக்கறாங்க சார். ஒருத்தர் விடாம. நீங்கதான் இல்லை."

"நான் இல்லைன்னா என்ன தம்பி? அவங்க பாத்தாங்கல்ல? அது போதும்" என்றார்.

அவருக்குப் போதும். எனக்குத்தான் போதவில்லை.